குருதியாய்வும் நான்கு சொற்களும்

தமிழில் ‘சோதனை’ என்னும் சொல்லுக்குப் பொருள் ஒன்றன்று. ஒன்றனை ஆய்ந்து பார்த்தல் ஒரு பொருள். மனிதனுக்கு வந்துறும் துன்பம் மற்றொரு பொருள். “அவருக்கு இது சோதனைக் காலம்” என்றால் இடுக்கண் நேர்ந்தது என்றே எவரும் கொள்வர். மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவனுக்கோ சோதனை என்பது தேர்வு. அதில் தேறுதலும் உண்டு, தோற்றுத் தலைகுனிதலும் உண்டு. இத்துணைப் பொருளையும் சுமந்து நிற்கும் சொல்லையே எச்.ஐ.வி. கிருமியைக் கண்டறியும் குருதியாய்வுக்கும் வழங்குகிறோம். “எச்.ஐ.வி. சோதனைக்குப் போனான்” என்ற தொடரைக் கேட்ட மாத்திரத்தில், அவன் ஏதோ குற்றம் புரிந்தான் என்றும், தீர்ப்புக்குக் காத்திருக்கிறான் என்றும் கேட்போர் நினைத்து விடுகின்றனர். போனவனே அவ்வாறு நினைத்தலும் உண்டு.

இச்சொல்லைப் போன்றே இடர் விளைக்கும் சொற்கள் இன்னும் மூன்று உள: ‘ஆபத்து’, ‘எதிர்மறை’, ‘முடிவு’. இந்நான்கு சொற்களின் பொருளைத் தெளிவாக வரையறுத்துக் கொண்டால், ஆய்வு செய்துகொள்வதா வேண்டாவா என்னும் வினாவுக்கு விடை காணுதல் எளிது. பொருள் மயங்கி நின்றால், ஆய்வு தேவையில்லாதவர் இரவெல்லாம் உறக்கமின்றி வருந்துவர். ஆய்வு தேவையானவரோ ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டு, ஈற்றில் காசநோயோ நிமோனியாவோ முற்றிய நிலையில் மருத்துவமனைக் கட்டிலில் தம் நிலையை அறிவர்.

இச்செய்தியை எடுத்துரைக்கச் செந்தூல் ஏற்ற இடம். கோலாலம்பூரின் பழைய தமிழ்க் குடியிருப்புகளுள் அதுவும் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில்வேயின் பெரும் பட்டறை அங்கு எழுந்தது; தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தோர் அதனைச் சூழ்ந்து வாழ்ந்தனர். இன்று பட்டறையின் ஒலி அடங்கிவிட்டது. அடுக்குமாடி வீடுகள் நிமிர்ந்து நிற்கின்றன. தோட்டங்களிலிருந்து பெயர்ந்து வந்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கு உள்ளனர். உறவும் நட்பும் நெருங்கிய இத்தகைய ஊரில், ஒருவருக்கு நோய் என்றால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க நான்கு வீட்டார் ஓடி வருவர். அதே நெருக்கத்தால்தான், “எவரேனும் பார்த்துவிட்டால்?” என்னும் அச்சமும் பிறக்கிறது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நிலைமை இதுவே.

கிருமி வேறு, நோய் வேறு

முதற்கண் இரண்டு பெயர்களைப் பிரித்தறிதல் வேண்டும். எச்.ஐ.வி. என்பது ஒரு கிருமியின் பெயர். எய்ட்ஸ் என்பது அக்கிருமி பல்லாண்டுகள் மருந்தின்றி உடலில் தங்கி, நோயை எதிர்க்கும் ஆற்றலை அழித்த பின்னர் தோன்றும் நிலையின் பெயர். 1981 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் இந்நோய்நிலை முதன்முதல் ஏட்டில் பதிவாயிற்று. 1983 இல் பாரிசு நகரின் பாஸ்டர் ஆய்வுக்கழகத்தைச் சேர்ந்த பிரான்சுவாஸ் பாரே-சினூசி அம்மையாரும் லூக் மொந்தாக்னியேயும் அதற்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தனர். 2008 இல் அவ்விருவர்க்கும் நோபெல் பரிசு கிட்டியது. 1985 இல் குருதியில் அக்கிருமியின் தடத்தைக் காணும் ஆய்வு வழக்கத்திற்கு வந்தது.

கிருமி உடலுட் புகுந்த சில வாரங்களில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, தோலில் தடிப்பு முதலியன தோன்றி மறையும். சிலருக்கு அவையும் தோன்றா. அதன்பின் எட்டு, பத்து ஆண்டுகள்கூட ஒரு குறியும் இன்றிக் கழியலாம். அக்காலமெல்லாம் அவர் உண்பார், உழைப்பார், பந்து விளையாடுவார். உள்ளே நோயெதிர்ப்பு அணுக்கள் மட்டும் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வரும். ஆகவே “உடம்பில் ஒரு குறியும் இல்லை, எனக்கு ஏன் ஆய்வு?” என்னும் வாதம் நில்லாது. குறியின்மையே இக்கிருமியின் இயல்பு. முகம் பார்த்து நோய் சொல்லுதல் இங்கு இயலாது. குருதியாய்வு ஒன்றே வழி.

செய்தித்தாள்கள் பல்லாண்டுகள் இதனை ‘ஆட்கொல்லி நோய்’ என்றே எழுதி வந்தன. மருந்தில்லாக் காலத்தில் அப்பெயர்க்குக் காரணம் இருந்தது. 1996 முதல் பல மருந்துகளை ஒருங்கே தரும் முறை நிலைபெற்றது; அன்று தொட்டு அப்பெயர் பொருளிழந்தது. இன்று உரிய காலத்தில் மருந்து தொடங்கி நாள்தோறும் தவறாது உண்பவர், ஏனையோரைப் போலவே நெடுநாள் வாழ முடிகிறது. கிருமியை உடலினின்று முற்றாக நீக்கும் வழி பொதுமருத்துவத்தில் இன்னும் வாராவிடினும், நீரிழிவையும் இரத்தக் கொதிப்பையும் போல அடக்கி ஆளத்தக்கதாக அது ஆகிவிட்டது.

இத்தகைய மாற்றத்தைத் தமிழர் முன்னரும் கண்டுள்ளனர். தொழுநோய் ஒரு காலத்தில் கேட்டாலே நடுங்கும் பெயராக இருந்தது. கோலாலம்பூருக்கு வடமேற்கே சுங்கை பூலோவில் 1930 இல் தொழுநோயாளர்க்கெனத் தனிக்குடியிருப்பு அமைந்தது. வீட்டாரைப் பிரிந்து அங்குச் சென்றோர் பலர். மருந்து வந்தபின் அந்நோய் குணமாகும் நோயாயிற்று. அதே சுங்கை பூலோவில் 2006 இல் திறக்கப்பெற்ற பெருமருத்துவமனை, இன்று எச்.ஐ.வி. உள்ளிட்ட தொற்றுநோய் மருத்துவத்தில் நாட்டிலேயே தலைசிறந்து விளங்குகிறது. ஒதுக்குவதற்கென்று அமைந்த இடம் குணப்படுத்தும் இடமாக மாறிற்று. மக்கள் மனத்திலுள்ள பழம்பெயர்கள் மட்டும் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை.

1986: இரு நாடுகளில் ஒரே ஆண்டு

மலேசியாவில் முதல் தொற்றுகள் 1986 இல் அறியப்பட்டன. இந்தியாவில் முதன்முதல் அறியப்பட்டதும் அதே ஆண்டில்தான்; அதுவும் தமிழகத்தின் தலைநகரில்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்ற செல்லப்பன் நிர்மலா என்னும் மாணவியார், தம் ஆசிரியை டாக்டர் சுனிதி சாலமன் காட்டிய வழியில் இவ்வாராய்ச்சியை மேற்கொண்டார். பாலியல் தொழிலில் ஈடுபட்டதாகப் பிடிக்கப்பட்டுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்கள் முதலானோரிடமிருந்து எண்பதுக்கும் மேற்பட்ட குருதி மாதிரிகளைத் திரட்டினார். சென்னையில் ஆய்வு வசதி இன்மையால், 1986 பிப்ரவரியில் அவற்றைப் பனிக்கட்டியிட்ட பெட்டியில் வைத்து இரவு ரயிலில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்றார். அங்கு டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வுக்கூடத்தில் ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறம் காட்டின. பின்னர் அமெரிக்காவிலும் ஆய்ந்து அது உறுதி செய்யப்பட்டது. அப்போதைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே இச்செய்தியைத் தமிழகச் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

இவ்வரலாற்றில் போற்றத்தக்கது உண்டு. எண்ணிப் பார்த்து வருந்தத்தக்கதும் உண்டு. துணிந்து தேடிய இரு பெண்மணிகளால் ஒரு பெருநாடு விழித்துக் கொண்டது. சுனிதி சாலமன் 1993 இல் சென்னையில் தன்னார்வ ஆய்வுக்கும் அறிவுரைக்கும் மருத்துவத்துக்கும் ஒரு நிலையம் நிறுவி, 2015 இல் மறையும்வரை அத்தொண்டிலேயே வாழ்ந்தார். ஆயினும் எதற்காகத் தம் குருதி எடுக்கப்பட்டது என்பதைக் காப்பகப் பெண்கள் அறிந்திலர். அவர்கள் தாமாக ஆய்வுக்கு வந்தவர்கள் அல்லர். அறிவுரை இல்லை, இசைவு இல்லை, நோய் உண்டென்று கண்டபின் கொடுக்க மருந்தும் அன்று இல்லை.

இன்றைய ஆய்வு அதனினும் முற்றிலும் வேறானது. ஆய்வு எதற்கு, விடை எவ்வாறிருக்கலாம், பின்னர்ச் செய்வன யாவை என்பவற்றை முன்னரே எடுத்துரைத்தல், வருபவரின் இசைவைப் பெறுதல், விடையை மறைவாகக் காத்தல் ஆகிய மூன்றையும் உலக சுகாதார நிறுவனம் அடிப்படை நெறிகளாக வகுத்துள்ளது. இந்தியா 2017 இல் இயற்றிய தனிச்சட்டமும் இசைவையும் மறைகாத்தலையும் வலியுறுத்துகிறது. ‘சோதனை’ என்னும் சொல்லுக்கு அன்று பொருந்திய பொருள் இன்று பொருந்தாது; ‘குருதியாய்வு’ என்றே கூறுதல் முறை.

ஆபத்து என்பது செயலைப் பொறுத்தது

இரண்டாவது சொல் ‘ஆபத்து’. ஆங்கிலத்தில் ‘ரிஸ்க்’ எனப்படுவதற்குத் தமிழில் ஆபத்து, இடர், இடர்வாய்ப்பு எனப் பல சொற்கள் வழங்குகின்றன. ‘ஆபத்து’ என்றதும் அச்சம் எழுகிறது, அளவு தோன்றுவதில்லை. ‘இடர்வாய்ப்பு’ என்றால், எத்துணை வாய்ப்பு என்னும் வினா உடனே எழும். அவ்வினாவுக்கு மருத்துவ நூல்கள் எண்ணாலேயே விடை தருகின்றன.

குருதி, விந்து, பெண்ணுறுப்பு நீர், ஆசனவாய் நீர், தாய்ப்பால் ஆகியவற்றின் வழியாகவே கிருமி பரவும். தொற்றுள்ள ஒருவர் மருந்துண்ணாத நிலையில், பாதுகாப்பின்றி நிகழும் செயல் ஒவ்வொன்றுக்கும் உரிய இடர்வாய்ப்பை ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். பத்தாயிரம் முறைக்கு இத்தனை எனக் கணக்கிட்டால், தொற்றுள்ள குருதியை ஏற்றிக் கொள்ளுதல் ஏறத்தாழ 9,250. ஆசனவாய் வழி உறவில் ஏற்பவர்க்கு 138. போதை ஊசியைப் பகிர்ந்து கொள்ளுதல் 63. பெண்ணுறுப்பு வழி உறவில் பெண்ணுக்கு 8, ஆணுக்கு 4. மருத்துவமனைப் பணியாளர்க்குத் தவறி ஊசி குத்திவிடின் 23. வாய்வழி உறவில் மிகமிகக் குறைவு.

இவ்வெண்களை இருவகையாகப் பிழைபட உணர்தல் கூடும். “பத்தாயிரத்தில் எட்டுத்தானே” என்று துணிதல் ஒரு பிழை. இவை சராசரி, ஒருமுறைக்கு உரியவை. பலமுறை நிகழின் வாய்ப்புப் பெருகும். வேறு பாலியல் நோயால் புண் இருப்பினும், துணைவர் அண்மையில் தொற்றுற்றவராயினும் மேலும் உயரும். “எண் ஒன்று இருக்கிறதே, போச்சு” என்று இடிந்துபோதல் மற்றொரு பிழை. ஒருமுறை நேர்ந்த நிகழ்ச்சி தொற்றாக முடிவதினும் முடியாமற் போவதே மிகுதி. இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: ஐயம் இருந்தால் ஆய்வு செய்து அறிதல்.

இனி, பரவாத வழிகளையும் கூறுதல் வேண்டும். உடன் உண்ணல், ஒரே குவளையில் பருகல், கைகுலுக்கல், அணைத்தல், ஒரே குளியலறை, கொசுக்கடி, இருமல், கண்ணீர், வியர்வை ஆகியவற்றால் எச்.ஐ.வி. பரவுவதில்லை. பள்ளியில் பக்கத்து இருக்கையில் அமர்வதாலும் பரவாது. பத்து மலைத் தைப்பூசத்தில் அலகு குத்திக் கொள்வோர் பற்றிக் கேட்போர் உண்டு. ஒருவர்க்குப் பயன்பட்ட அலகை மற்றொருவர்க்கு அப்படியே குத்துவது எந்தக் குருதித் தொற்றுக்கும் வழி திறக்கும், எச்.ஐ.வி.யினும் கல்லீரல் அழற்சிக் கிருமிகள் அவ்வழியே எளிதில் பரவும். அவரவர்க்குத் தனி அலகு, தூய்மை செய்த அலகு என்பது கண்டிப்பான விதியாதல் வேண்டும். சவரக் கத்திக்கும் பச்சை குத்தும் ஊசிக்கும் விதி இதுவே. அலகும் கத்தியும் தனியாயின் அச்சத்துக்கு இடமில்லை.

மேற்கூறியவற்றுள் ஒன்று தெளிவாகப் புலனாகும். எண்கள் யாவும் செயலுக்கு உரியன. ஆளுக்கோ ஊருக்கோ சாதிக்கோ இனத்துக்கோ உரியன அல்ல. “அந்த மாதிரி ஆட்களுக்குத்தான் வரும்” என்னும் நினைப்பே பலரை ஆய்வினின்று விலக்கியது. நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி 1995 இல் மணம் புரிந்தார். கணவரைத் தவிர வேறொருவரை அறியாத அவ்விளம்பெண், சின்னாட்களிலேயே தமக்குத் தொற்று உண்டென அறிந்தார். மறைந்து வாழாமல் தம் நிலையை வெளிப்படையாகக் கூறி, 1998 இல் தம்மைப் போன்ற பெண்களுக்கென ஓர் அமைப்பைத் தோற்றுவித்தோருள் ஒருவராய் நின்றார். அவருடைய செயலில் தவறு ஏதும் இல்லை. கிருமி ஒழுக்கம் பார்த்து நுழைவதன்று.

மலேசிய வரலாறும் இதையே காட்டும். தொண்ணூறுகளில் தொற்றுற்றோருள் பெரும்பாலோர் போதை ஊசியைப் பகிர்ந்தோர். 2002 இல் ஓராண்டில் மட்டும் 6,978 புதிய தொற்றுகள் பதிவாயின. 2005 இல் போதைப் பழக்கத்தினின்று மீட்க மெத்தடோன் மருந்தும், 2006 இல் தூய ஊசி வழங்கும் திட்டமும் தொடங்கப்பட்டன. ஊசிவழித் தொற்று வெகுவாகக் குறைந்தது. அண்மை ஆண்டுகளில் புதிய தொற்று ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 என்னும் அளவில் நிற்கிறது. அவற்றுள் மிகப்பெரும்பாலானவை பாலுறவு வழிவந்தவை. “நான் ஊசி போடுபவன் அல்லன்” என்பதை மட்டும் கொண்டு ஐயம் தீர்ந்ததாகக் கருத இயலாது.

ஆய்வுக்கு உரியவர் யாவர்?

தன்னைத்தான் கேட்டுக்கொள்ளத் தக்க வினாக்கள் சில. துணைவரின் நிலை அறியாது ஆணுறையின்றி உறவு கொண்டதுண்டா? ஒருமுறையேனும் ஊசியைப் பகிர்ந்ததுண்டா? வேறு பாலியல் நோயோ காசநோயோ கல்லீரல் அழற்சியோ கண்டறியப்பட்டதா? வாழ்க்கைத் துணைக்குத் தொற்று உண்டெனத் தெரிந்ததா? வன்முறைக்கு ஆளானதுண்டா? இவற்றுள் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் ஆய்வு தேவை. இடர் தொடருமாயின் ஆண்டுக்கு ஒருமுறையேனும், மிகுதியாயின் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் ஆய்வு செய்தல் நன்று.

எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்பவர்க்கும் வாழ்நாளில் ஒருமுறை ஆய்வு செய்துகொள்ளலாம் என்னும் கருத்து வலுப்பெற்றுள்ளது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2006 முதல் பதின்மூன்று வயது தொடங்கி அறுபத்துநான்கு வயது வரை எல்லோருக்கும் இதனைப் பரிந்துரைக்கிறது. கருவுற்ற பெண்களுக்கு மலேசிய அரசுச் சுகாதார நிலையங்களில் இவ்வாய்வு 1998 முதல் வழக்கமாயுள்ளது. எந்தக் கருவுற்ற பெண்ணையும் அதன் பொருட்டு எவரும் ஐயுறுவதில்லை. எல்லோரும் செய்துகொள்ளும்போது வெட்கம் மறைந்துவிடும் என்பதற்கு இதுவே சான்று.

நாட்கணக்கு

எந்த நாளில் ஆய்வு செய்வது என்பது அடுத்த வினா. கிருமி நுழைந்த மறுநாளே ஆய்வு அதைக் காட்டாது. உடல் அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கவும், கருவி அதனைக் காணவும் நாள் வேண்டும். தொற்று இருந்தும் ஆய்வில் தோன்றாத இவ்விடைவெளியைச் சிலர் ‘சாளரக் காலம்’ என மொழிபெயர்ப்பர். சாளரம் என்றால் வெளிச்சம் வரும் வழி; இங்கோ இருட்டு. ‘காணாக் காலம்’ என்பதே பொருளை நன்கு உணர்த்தும்.

ஒரு கணக்கைக் கொள்வோம். மார்ச் 1 ஆம் நாள் இரவு ஐயத்துக்குரிய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது எனக் கொள்க. முதலாவது நினைவிற் கொள்ள வேண்டியது 72 மணி நேரம். மார்ச் 4 ஆம் நாள் இரவுக்குள் மருத்துவரை அடைந்தால், நிகழ்ச்சிக்குப் பின் உண்ணும் தடுப்பு மருந்தை அவர் தரக்கூடும்; 28 நாட்கள் விடாது உண்ண வேண்டும். எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்மை. பலர் இதனை அறியாமல், “மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம்” என்று காத்திருந்து நல்வாய்ப்பை இழக்கின்றனர்.

மருந்து உண்ணாதவர்க்கு, கையின் நரம்பில் குருதி எடுத்து ஆய்வுக்கூடத்தில் செய்யும் புதுமுறை ஆய்வு 45 ஆம் நாளில், அதாவது ஏப்ரல் 15 இல், நம்பத்தக்க விடையைத் தரும். விரல் நுனியில் குத்தி உடனே காணும் ஆய்வும், வீட்டிலேயே தாமே செய்துகொள்ளும் ஆய்வும் ஆயின், 90 ஆம் நாளாகிய மே 30 வரை பொறுத்தல் வேண்டும். இடையில் புதிய நிகழ்ச்சி நேராமல் அந்நாளில் ‘இல்லை’ என வந்தால், அஃது இல்லையே. தடுப்பு மருந்து உண்டவர்க்குக் கணக்கு மாறும். மருத்துவர் குறிக்கும் நாளே அவர்க்கு நாள். விடை வரும்வரை ஆணுறை அணிதலும் குருதிதானம் செய்யாதிருத்தலும் கடமை. தம் தொற்றை அறியவேண்டிக் குருதிதானம் செய்தல் பெருந்தவறு. காணாக் காலத்தில் எடுத்த குருதி, பெறுவோர்க்குக் கேடு விளைக்கக்கூடும்.

எதிர்மறை நல்லதாகும் விந்தை

மூன்றாவது சொல் ‘எதிர்மறை’. அன்றாடத் தமிழில் நேர்மறை நல்லது, எதிர்மறை தீயது. நேர்மறை எண்ணம் வளர்க்க என மாணவர்க்கு அறிவுறுத்துகிறோம். மருத்துவத் தாளிலோ இது தலைகீழ். ‘பாசிட்டிவ்’ என்றால் தேடிய பொருள் தென்பட்டது. ‘நெகட்டிவ்’ என்றால் தென்படவில்லை. இதனைப் பிறழ உணர்ந்து மகிழ்ந்தோரும் உண்டு. வீணே கலங்கியோரும் உண்டு. ‘தொற்று உண்டு’, ‘தொற்று இல்லை’ எனத் தமிழில் கூறிவிட்டால் மயக்கம் இல்லை.

ஆயினும் முதல் ஆய்விலேயே ‘உண்டு’ என்று கூறிவிடல் ஆகாது. அதன் காரணத்தை ஒரு பள்ளிக் கணக்காலேயே விளக்கலாம். கணக்குக்காகப் பத்தாயிரம் பேரை எடுத்துக் கொள்வோம். அவருள் ஐவர்க்கே தொற்று உண்டு என்போம். ஆய்வுக் கருவி அவ்வைவரையும் காட்டிவிடுகிறது. தொற்றில்லாதவர் ஆயிரவருள் 998 பேரைச் சரியாக ‘இல்லை’ என்கிறது, இருவரைத் தவறாகக் குறிக்கிறது. அவ்வாறாயின் எஞ்சிய 9,995 பேருள் ஏறத்தாழ இருபதின்மர் தவறாகக் குறிக்கப்படுவர். ஆக, குறிக்கப்பட்டோர் இருபத்தைவர்; உண்மையில் தொற்றுடையோர் ஐவரே. இருபத்தைவரையும் வேறொரு முறையால் மீண்டும் ஆய்ந்தால் உண்மை வெளிப்படும். எனவேதான் முதலாய்வில் குறி தோன்றினால் உறுதியாய்வு கட்டாயம். வீட்டாய்வில் இரு கோடுகள் கண்டவுடன் உலகமே இருண்டதாக எண்ணுபவர்க்கு இக்கணக்கு ஓர் ஊன்றுகோலாகும்.

முடிவுக்குப் பின்

நான்காவது சொல் ‘முடிவு’. ஆய்வின் விடையையும் முடிவு என்கிறோம். வாழ்வின் இறுதியையும் முடிவு என்கிறோம். ஒன்றைத் துணிந்து தேர்தலையும் முடிவு என்கிறோம். “முடிவு வந்துவிட்டது” என்னும் தொடரில் இம்மூன்றும் கலந்து ஒலிக்கின்றன. குருதியாய்வின் விடை உண்மையில் தொடக்கமேயன்றி இறுதியன்று.

“தெரிந்து என்ன பயன்?” என்பாரிடம் கூறத்தக்கது யாதெனில்: அறிந்தவர்க்கே மருந்து உண்டு. மலேசியக் குடிமக்களுக்கு முதல்நிலை மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே வழங்கப்படுகின்றன. மருந்தை ஒழுங்காக உண்டால் சில மாதங்களில் கிருமியின் அளவு கருவிகட்கும் புலப்படாத அளவுக்குத் தாழும். அந்நிலையில் நீடிப்பவரிடமிருந்து உறவின் வழி பிறர்க்குக் கிருமி பரவுவதில்லை. 2011 இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்று, முன்கூட்டியே மருந்து தொடங்குவதால் துணைவர்க்குப் பரவுதல் நூற்றுக்கு 96 பங்கு குறைவதைக் காட்டிற்று. அதன்பின் 2016 லும் 2019 லும் வந்த ஆய்வுகளில், கிருமி புலப்படாத நிலையிலுள்ளோரிடமிருந்து துணைவர்க்குப் பரவிய நிகழ்ச்சி ஒன்றுகூட இல்லை.

தாய்க்குத் தொற்று உண்டாயின் குழந்தைக்கும் வரும் என்பது பழங்கருத்து. மருத்துவம் இல்லாவிடில் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகள்வரை தொற்றுறக் கூடும். உரிய மருத்துவம் உண்டாயின் அது ஐந்துக்கும் கீழே தாழ்கிறது. மலேசியா தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுதலை ஒழித்த நாடென உலக சுகாதார நிறுவனம் 2018 இல் சான்றளித்தது; மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அப்பெருமையை முதலில் பெற்றது மலேசியாவே. காலத்தே ஆய்வு செய்தமையின் பயன் இதுவாகும்.

தொற்று இல்லை என அறிந்தவர்க்கும் பயன் உண்டு. இடர் தொடரும் வாழ்க்கையுடையவர், முன்கூட்டியே உண்ணும் தடுப்பு மருந்தை மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம். 2023 இல் மலேசிய அரசு அதனைத் தேர்ந்த சில சுகாதார நிலையங்களில் வழங்கத் தொடங்கியது.

“ஊர் அறியுமே” என்பது மற்றொரு தயக்கம். அரசுச் சுகாதார நிலையங்களில் இவ்வாய்வை மறைவாகச் செய்துகொள்ளலாம். தொற்று உறுதியானால் 1988 ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி சுகாதாரத் துறைக்கு மருத்துவர் தெரிவிப்பார். அது மருத்துவத்துக்கும் தடுப்புக்கும் உரிய அறிவிப்பேயன்றி அண்டை வீட்டார்க்கு விடுக்கும் அறிவிப்பன்று. தம் ஊர் நிலையத்துக்குச் செல்லக் கூச்சமுள்ள செந்தூல்வாசி, ரயிலேறி அடுத்த நிலையமாகிய தித்திவங்சாவில் இறங்கினால் கோலாலம்பூர் மருத்துவமனை அணித்தே உள்ளது. 1992 இல் நிறுவப்பட்ட மலேசிய எய்ட்ஸ் மன்றமும் அதனைச் சார்ந்த தொண்டு அமைப்புகளும் வழிகாட்டுகின்றன. தனியே செல்ல அஞ்சுவோர் நம்பிக்கைக்குரிய ஒருவரை உடனழைத்துச் செல்லலாம்.

மணம் பேசுமிடத்தும் இவ்வினா எழுகிறது. பெண் வீட்டார் மாப்பிள்ளையைக் கேட்பதா, மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைக் கேட்பதா என்னும் வழக்கில் இருசாராரும் வாய்மூடி நிற்பர். இருவரும் ஒருங்கே சென்று செய்துகொள்ளின் எவர்க்கும் இழிவில்லை. பொருத்தம் பத்தும் பார்க்கும் குடும்பத்தார் இதனையும் ஒன்றாகச் சேர்த்துக் கொள்ளலாம். அவ்வாறு செய்யுமிடத்து, தொற்று உண்டென வந்தால் மணமே கூடாது என்னும் விதி ஏதும் இல்லை என்பதையும் அறிதல் வேண்டும். மருந்துண்டு, கிருமி புலப்படா நிலையில் மணந்து, தொற்றில்லா மக்களைப் பெற்று வாழ்வோர் உலகெங்கும் உளர்.

ஆசிரியர் கையில் உள்ளது

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் மருந்தைப் பற்றியது. மருந்து கொடுப்பதற்கு முன் நோயை அறிதலை வைத்தவர் வள்ளுவர். அவ்வதிகாரத்தைக் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு, அறிதலின் இன்றியமையாமையைப் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மருத்துவர் செய்ய இயலாத ஒரு பணி தமிழாசிரியர்க்கு உண்டு. மக்கள் நாவில் வழங்கும் சொற்களைத் திருத்துதலே அது. கட்டுரைப் பயிற்சியில் ‘ஆட்கொல்லி நோய்’ என்று மாணவன் எழுதினால் அதனை அடித்து ‘எச்.ஐ.வி. தொற்று’ என எழுதலாம். ‘எய்ட்ஸ் நோயாளி’ என எல்லோரையும் குறிக்கும் வழக்கை மாற்றி, ‘எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர்’ எனலாம். ‘சோதனை’யைக் ‘குருதியாய்வு’ எனவும், ‘முடிவு’ என்பதை ‘விடை’ எனவும் வழங்கலாம். பெற்றோர் கூட்டத்தில் சுகாதார அதிகாரி பேசும்போது, அவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ கூறும் தொடரை நல்ல தமிழில் பெயர்த்துரைக்கலாம். முன்னாள் மாணவன் ஒருவன் பள்ளி வாயிலில் தயங்கி நின்று, தன் ஐயத்தை நண்பனுக்கு நேர்ந்ததாக வைத்துக் கேட்கக்கூடும். அவ்வேளையில் யார் எவர் என்று வினவாமல் நாட்கணக்கை மட்டும் தெளிவாகச் சொல்லி, செல்ல வேண்டிய இடத்தையும் காட்டிவிட்டால், அவன் அன்றே புறப்பட்டுச் செல்வான்.